பங்குனி நடை

முனீஸ்வரிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த வீட்டில் மாறியது கொஞ்சம்தான். அவளுடைய டீயில் சீனி நின்றது. ராத்திரிச் சோற்றில் ஒரு கரண்டி குறைந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து, வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத்துத் தெரு கனகாவோடு காலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருகிறாள்.

யோசனை கனகாவுடையது. கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறாள். ரத்தம் எடுத்த அன்று ஊசியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட முனீஸ்வரியின் கையைத் தடவிக்கொடுத்தவள்.

"எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்கக்கா. வெறுத்துப்போயி விட்டுருவீங்க. இந்தக் கோடை முடியுற வரைக்கும் எம்புட்டு முடியுமோ அம்புட்டு மட்டும் செய்யுங்க" என்றாள்.

ஒத்தக்கடையில் சிமெண்டும் கம்பியும் விற்கும் அழகுபாண்டிக்கு மனைவியின் நடை ஒரு வேடிக்கை. "வீட்டுக்குள்ள நடக்காததையா ரோட்டுல நடந்துரப்போற" என்பார். அதற்கு மேல் கவனிக்க அவருக்கு நேரமில்லை. அவர் நினைப்பெல்லாம் ராம்கி மேல் இருந்தது. மகன் காவலர் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாவற்றையும் தாண்டிவிட்டான். அவன் பேரில் வழக்கு ஏதும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிப்போக வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அந்த வெள்ளிக்கிழமையும் விடிவதற்குள் இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

யானைமலை இன்னும் கறுப்பாகத்தான் கிடந்தது. புதிதாகப் பிரித்துப் போட்ட பிளாட்டுகளின் நடுவே தார் ரோடு நேராக ஓடியது. கனகா தன் மாமியாரைப் பற்றி ஏதோ சொல்ல, முனீஸ்வரி சிரித்துக்கொண்டே வந்தாள். இந்த நடையில் அவளுக்குப் பிடித்ததே இந்தப் பேச்சுதான். வீட்டில் அவளிடம் எல்லோரும் ஏதாவது கேட்பார்கள். யாரும் பேச மாட்டார்கள்.

பின்னால் ஒரு பைக் மெதுவாக வரும் சத்தம் கேட்டது. ஒதுங்கி வழிவிட்டாள்.

கழுத்தில் ஏதோ தீயாக இழுத்தது.

தாலிச்சங்கிலி என்று புரிவதற்குள் கை தானாக அதைப் பிடித்துக்கொண்டது. பைக் வேகம் எடுத்தது. கால் தடுமாறி, முழங்கால் தாரில் உரசி, அவளும் கூடவே போனாள். பின்னால் உட்கார்ந்திருந்தவனின் சட்டையை இன்னொரு கையால் பற்றினாள். விட்டுருங்கக்கா என்று கனகா கத்துவது கேட்டது. விடத் தோன்றவில்லை. பைக் வளைந்து, மண்மேட்டில் ஏறிச் சரிந்தது.

ஓட்டியவன் வண்டியை நிமிர்த்தி, திரும்பிப் பார்க்காமல் மேலூர் ரோட்டுப் பக்கம் பறந்துவிட்டான். பின்னால் இருந்தவன் அவள் கைக்குள் சிக்கிய சட்டையோடு விழுந்து கிடந்தான். சங்கிலி அவளுடைய இன்னொரு கையிலேயே இருந்தது.

டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். பால் வண்டிக்காரர் வந்தார். முதல் அடியை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. ஹெல்மெட்டால் ஒருவர் அடித்தார். தண்ணீர் விடும் டியூபை மடித்து ஒருவர் வீசினார். செருப்பு, முழங்கை, கையில் அகப்பட்டது எல்லாம் அவன் மேல் விழுந்தது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அவன் சுருண்டான். கையை விலக்கிவிட்டு அடித்தார்கள்.

முனீஸ்வரி தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கழுத்திலிருந்து ரத்தம் ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், முதல் சில அடிகள் விழுந்தபோது அவளுக்கு நிறைவாகவே இருந்தது. நல்லா வாங்கட்டும் என்று நினைத்தாள்.

கனகாதான் உள்ளே புகுந்தாள்.

"போதும் விடுங்கண்ணே. செத்துக்கித்துப் போயிட்டா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்."

அந்த வார்த்தை வேலை செய்தது. கூட்டம் ஓரடி பின்வாங்கியது. அவன் ஊர்ந்துபோய் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். இருபது வயதுகூட இருக்காது. உதடு கிழிந்து தொங்கியது.

"பேரு என்னடா?" என்று பால்காரர் கேட்டார்.

"அசோக்குமாருண்ணே." பிறகு கனகாவைப் பார்த்து, "அக்கா, தண்ணி" என்றான்.

கனகா தன் பாட்டில் மூடியைத் திருகினாள். அப்போதுதான் மைதானத்தில் ஓட்டப் பயிற்சி முடித்த ராம்கி, யாரோ சொல்லி, மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அம்மாவின் ரவிக்கையைப் பார்த்தான். கம்பத்தடியில் இருந்தவனைப் பார்த்தான்.

ஓடிவந்த வேகத்திலேயே காலைத் தூக்கி அவன் நெஞ்சில் உதைத்தான். இரண்டாவது உதை தாடையில் பட்டது. மண்டை கம்பத்தின் சிமெண்டு அடிப்பகுதியில் மோதியது. தேங்காய் தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம்.

"டேய், போதும்டா. ராம்கி, விட்டுர்றா" என்று முனீஸ்வரி கத்தினாள்.

அவன் விடவில்லை. சாய்ந்துவிட்டவனின் தலையில் ஷூவால் மறுபடி மிதித்தான். கனகா அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்த பிறகுதான் நின்றது.

அசோக்குமாரின் காதிலிருந்து ரத்தம் வந்தது. கண் பாதி திறந்திருந்தது. அதில் பார்வை இல்லை.

கூட்டம் கரைந்துவிட்டது. டீ மாஸ்டர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். பால் வண்டி கிளம்பியது. ராம்கி மூச்சு வாங்கிக்கொண்டே நாலு பக்கமும் பார்த்தான். யார் யார் நிற்கிறார்கள் என்று அவன் கணக்கெடுப்பதை முனீஸ்வரி பார்த்தாள். கழுத்து வலியைவிட அது அவளை அதிகம் உலுக்கியது.

கனகா போன் செய்து 108 வந்தது. அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முனீஸ்வரியைக் கனகா ஆட்டோவில் தன் கிளினிக்குக்கு அழைத்துப்போனாள்.

கழுத்தில் தையல் போட்டார்கள். முழங்காலில் ஒட்டியிருந்த தார்ப்பொடியைக் கனகா பஞ்சால் ஒற்றி எடுத்தாள். ஒரே ஒரு தடவை கனகா சொன்னாள்.

"தண்ணி குடுக்கக்கூட விடலைக்கா."

அழகுபாண்டி கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். மனைவியின் கழுத்துக் கட்டைப் பார்த்ததும் அவர் உதடு நடுங்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு நர்ஸுகள், டாக்டர், வரிசையில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எம்மகன் புரட்டி எடுத்துட்டான்ல. போலீஸ்காரன் ஆகப்போறவன்னா சும்மாவா."

கனகா பஞ்சைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெளியே போனாள்.

மத்தியானம் அந்தப் பெருமை போய்விட்டது. ஸ்டேஷனில் தெரிந்த ஏட்டு ஒருவர் அழகுபாண்டிக்குப் போன் செய்தார். திருடிய பையனுக்கு மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், நினைவு இல்லை. எஸ்.ஐ. சாயங்காலம் வீட்டுக்கு வாக்குமூலம் வாங்க வருகிறார். யார் அடித்தது என்று கேட்பார்.

போனை வைத்துவிட்டு அழகுபாண்டி ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ராம்கி சோபாவில் குனிந்து உட்கார்ந்திருந்தான். காலையில் போட்டிருந்த ஷூவை அவனே கழுவி மாடியில் காயப்போட்டிருந்தான்.

"முனீசு, இங்க கேளு. அவன் வண்டியில இருந்து விழுந்தான். விழுந்ததுல தலையில அடிபட்டுச்சு. கூட்டத்துல யாரு யாரோ அடிச்சாக. உனக்கு மயக்கம். ஒன்னும் தெரியாது. அம்புட்டுத்தான்."

"எனக்கு மயக்கமே வரலைங்க."

"வந்துச்சுன்னு சொல்லு."

"விழுந்ததுல அவனுக்குத் தலையில படலை. எந்திரிச்சு உக்காந்தான். பேரு சொன்னான்."

அழகுபாண்டி டீப்பாயின் மேலிருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துச் சுவரில் அடித்தார். அது அலமாரிக் கண்ணாடியில் பட்டு, ராம்கி பள்ளியில் வாங்கிய கோப்பைகள் மேல் சில்லுகள் கொட்டின.

"ஒரு எஃப்.ஐ.ஆர். வந்துச்சுன்னா எல்லாம் போச்சு, தெரியுதா. மூனு வருசம் ஓடியிருக்கான் பிள்ளை. ஒரு செயின் திருடனுக்காக இவன் வாழ்க்கைய முடிச்சு வைக்கப்போறியா? நடக்கப்போறேன் நடக்கப்போறேன்னு ஆடுன பாரு, அதுல வந்த வினை. நாளையில இருந்து அந்த நடையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

முனீஸ்வரி கண்ணாடிச் சில்லைப் பொறுக்கக் குனிந்தாள். கழுத்துத் தையல் சுண்டியது. நிமிர்ந்துவிட்டாள். பொறுக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் ராம்கி ஒரு பையனின் பல்லை உடைத்தான். அவள்தான் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போய் அந்தத் தாயின் முன்னால் நின்றாள். காலேஜில் பஸ் கண்டக்டரை அடித்தான். அவள்தான் அப்பாவுக்குத் தெரியாமல் சரிக்கட்டினாள். சின்ன வயசு, ரத்தம் சூடு என்று ஒவ்வொரு தடவையும் தனக்கே சொல்லிக்கொண்டாள். சீனியைப் போல அதுவும் பழகிவிட்டிருந்தது.

"அந்தக் கனகா என்ன சொல்லுவா?" என்று அழகுபாண்டி கேட்டார்.

"பார்த்ததைச் சொல்லுவா."

"அந்த ஆளுக கூட உனக்கு என்ன பழக்கம்னு அன்னைக்கே கேட்டேன். அடுப்படி வரைக்கும் விட்டல்ல."

முனீஸ்வரி பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. சோபாவில் ராம்கி இல்லை.

அவன் எங்கே போகிறான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். பின்னால் அழகுபாண்டி கூப்பிட்டார். நிற்கவில்லை. பங்குனி வெயிலில் ரோடு காலைப் பொசுக்கியது.

கனகாவின் வீட்டுக் கேட் திறந்து கிடந்தது. அவள் கணவன் மருது லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். சாப்பிட வந்திருப்பான் போல. கையில் பிசைந்த சோறு அப்படியே இருக்க, ராம்கி அவனைச் சட்டைக் காலரைப் பிடித்துக் கேட்டோடு அழுத்தியிருந்தான்.

"ஒம் பொண்டாட்டி ஒன்னும் பாக்கலன்னு சொல்லச் சொல்லு."

"கையை எடு தம்பி. அவ எங்கிட்ட கேட்டுக்கிட்டா பேசுவா?" என்றான் மருது.

"நான் பாத்தேன் ராம்கி. ஒங்கம்மாவும் பாத்தாக" என்று கனகா படியிலிருந்து சொன்னாள்.

ராம்கி மருதுவின் வாயில் ஓங்கிக் குத்தினான். மருதுவின் தலை கேட் கம்பியில் இடித்துத் திரும்பியது. இன்னொரு குத்து வயிற்றில். மருது மடங்கி உட்கார்ந்தான். கனகா இறங்கி ஓடிவந்து தடுக்க, ராம்கி அவள் கையை முறுக்கித் தள்ளினான். அவள் துணி துவைக்கும் கல்லின் மேல் போய் விழுந்தாள்.

சுவரோரம் தரை துடைக்கும் கட்டை சாத்தியிருந்தது. அதை எடுத்தது முனீஸ்வரிக்கு நினைவில்லை. அடித்தது மட்டும் நினைவிருக்கிறது.

முதல் அடி ராம்கியின் முதுகில் விழுந்தது. அவன் திரும்பினான். "அம்மா" என்றான். இரண்டாவது தோளில். மூன்றாவது அவன் உயர்த்திய முழங்கையில். பிறந்ததிலிருந்து அவள் கை படாத பிள்ளை. பல் உடைத்த அன்று அடித்திருக்க வேண்டிய அடி, கண்டக்டரை அடித்த அன்று அடித்திருக்க வேண்டிய அடி என்று எல்லாம் சேர்ந்து வருவது போலிருந்தது. கட்டை நுனி புருவத்தைக் கிழித்தது. ரத்தம் அவன் கண்ணில் வழிந்தது. அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். அவள் அப்போதும் நிறுத்தவில்லை. உட்கார்ந்திருந்தவனின் தலையைக் குறிவைத்து ஓங்கினாள்.

கனகா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள்.

"அக்கா, போதும். விடுங்கக்கா."

கட்டை கையிலிருந்து விழுந்தது. கழுத்துக் கட்டு ஈரமாகியிருந்தது. தையல் பிரிந்துவிட்டது என்று தெரிந்தது. அதைவிட, கனகா இழுத்திருக்காவிட்டால் அந்த அடி விழுந்திருக்கும் என்பதும் தெரிந்தது. மகனைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தன்னை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

ராம்கி கையைத் தூக்கவே இல்லை. ரத்தம் வழியும் முகத்தோடு நிமிர்ந்து பார்த்தான்.

"ஒங்கழுத்த அறுத்துட்டான்னு நெனச்சேம்மா" என்றான். "அம்புட்டு ரத்தமா இருந்துச்சு. நீ செத்துருவேன்னு நெனச்சேன்."

"அது மொத ஒதை ஒதைக்கையில."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"தலைய மிதிச்சப்ப என்னடா நெனச்ச?"

"நல்லாருந்துச்சும்மா" என்றான். சொல்லிவிட்டு முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

மருது எழுந்து வாயைக் கொப்பளித்துச் சிவப்பாகத் துப்பினான். "இவனைக் கூட்டிட்டுப் போங்கக்கா. நான் இன்னும் ஒரு நிமிசம் பாத்துக்கிட்டு நின்னா நானும் அடிச்சுருவேன்" என்றான்.

கனகா உள்ளே போய்த் தன் கைப்பையை எடுத்துவந்தாள். முறுக்கப்பட்ட கை வீங்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கையாலேயே முதலில் முனீஸ்வரியின் கழுத்துக்குப் புதுக் கட்டுப் போட்டாள். பிறகு ராம்கியின் புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்தினாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எஸ்.ஐ. வந்தா நான் பாத்ததைத்தான் சொல்லுவேன்க்கா" என்றாள் முனீஸ்வரியிடம். "நீங்க வருத்தப்பட்டாலும் சரி."

"சொல்லு" என்றாள் முனீஸ்வரி.

எஸ்.ஐ. அஸ்வினி சாயங்காலம் ஒரு பெண் காவலரோடு வந்தார். ராம்கியைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அழகுபாண்டி நாற்காலி போட்டார், மின்விசிறி வேகத்தைக் கூட்டினார், கூல்டிரிங்ஸ் வரவழைத்தார். உடைந்த அலமாரிக்கு முன்னால் ஒரு போர்வை தொங்கியது.

"பையன் இன்னும் கண்ணு முழிக்கலை" என்றார் அஸ்வினி. "செயின் பறிப்பு ஒரு வழக்கு. அவனை அடிச்சது இன்னொன்னு. நீங்க என்ன பாத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

முனீஸ்வரி சொன்னாள். பைக் வந்தது, சங்கிலி இழுபட்டது, அவன் விழுந்தது, கூட்டம் அடித்தது, கனகா விலக்கியது. காவலர் எழுதிக்கொண்டே வந்தார்.

"அடிபட்டு அங்கேயே மயங்கிட்டானா?"

அழகுபாண்டி தொண்டையைச் செருமினார். "ஆமா மேடம். விழுந்ததுலயே தலையில நல்ல அடி. இவளுக்கும் மயக்கமா இருந்துச்சு, பாவம்."

அஸ்வினி அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற ராம்கியைப் பார்த்தார். "தம்பிக்கு என்ன புருவத்துல?"

"காலையில திருடனைப் பிடிக்கப் போனப்ப பட்டது மேடம்" என்றார் அழகுபாண்டி.

"ரத்தம் இன்னும் காயலையே."

"அது நான் அடிச்சது" என்றாள் முனீஸ்வரி.

"நீங்களா? எதுக்கு?"

அழகுபாண்டி மனைவியையே பார்த்தார். காலையில் கிளினிக்கில் அவள் கையைப் பிடித்தபோது இருந்த அதே முகம். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள். விலக்காவிட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அந்தப் பையன் மயங்கலைம்மா. எந்திரிச்சு கம்பத்துல சாஞ்சு உக்காந்தான். தண்ணி கேட்டான். அப்பத்தான் எம்மகன் வந்தான். உக்காந்திருந்தவனை நெஞ்சுல ஒதைச்சான். தாடையில ஒதைச்சான். சாஞ்சதுக்கப்புறம் தலைய மிதிச்சான். நான் விடுன்னு கத்தினேன். அவன் காதுல விழுகலை."

காவலரின் பேனா ஓடியது. அழகுபாண்டி எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஏதோ கனமாகக் கீழே விழுந்து உடைந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அஸ்வினியின் போன் அதிர்ந்தது. "சொல்லுங்க டாக்டர்" என்றபடி எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். "ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எப்ப?" என்றார். அதன் பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் எதுவும் படிக்க முடியவில்லை.

"அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிக்க" என்றார் காவலரிடம். பிறகு ராம்கி பக்கம் திரும்பினார். "சட்டையை மாத்திக்கிட்டு வா தம்பி. ஸ்டேஷன் வரைக்கும் போகணும்."

"அந்தப் பையன் எப்படி இருக்கான் மேடம்?" என்று ராம்கி கேட்டான்.

"வா. போயிப் பேசிக்கலாம்."

அவன் அறைக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தான். பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தான். சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவிடம் வந்து, அவள் கண்ணைப் பார்க்காமல், சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூட வாசலில் கேட்ட அதே குரலில் கேட்டான்.

"நீயும் கூட வாரியாம்மா?"

முனீஸ்வரி எட்டி அவன் பித்தானைச் சரியான துளையில் மாட்டினாள்.

"வாரேன்" என்றாள்.